பின் கேட்டிலிருந்து

எங்கள் குடியிருப்பின் வரலாற்றை எழுதித் தரும்படி செகரட்டரி என்னைக் கேட்டபோது, நான் அட்டைப்பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரித்திருக்கவில்லை. நான் ஒரு காலத்தில் பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்பதை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். வெள்ளிவிழா மலர் போடுகிறார்களாம். ஏரிக் காற்று, ஏரிக்கரை நடைபாதை, ஏரியைப் பார்த்த பால்கனி என்று படங்களெல்லாம் தயாராம். வார்த்தைகள்தான் வேண்டுமாம். மலரில் என் பெயரோடு வந்த கட்டுரை நான் எழுதியதல்ல. நான் எழுதியது இதுதான்.

எங்கள் பிளாக்தான் ஏரிக்கு மிக அருகில் இருப்பது. பால்கனியில் நின்றால் முதலில் புல்தரை, பிறகு பின்பக்கச் சுவர், அதற்கப்பால் ஏரி. ஏரி என்று மரியாதைக்குச் சொல்லலாம். பாதி ஆகாயத்தாமரை, பாதி கறுத்த தண்ணீர். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். காற்று திரும்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். பின்பக்கச் சுவரில் ஒரு வாசல் அகலத்துக்கு மட்டும் பூச்சு வேறு நிறமாக இருந்ததை நான் வந்த அன்றே கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செகரட்டரி ஓய்வுபெற்ற என்ஜினீயர். இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. குடிவந்த அன்று என்னை நிற்க வைத்து விதிகளை ஒப்பித்தார். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது. நாய் வளர்க்கலாம், ஆனால் அது குரைக்கக் கூடாது.

“அப்புறம் மேடம், மழை நாள்ல சாயங்காலம் இன்டர்காம்ல சில சமயம் தப்புக் கால் வரும். பழைய லைன், ஈரம் இறங்கிடும். யாரோ வந்திருக்காங்க, அனுப்பவான்னு கேக்கும். எங்க வீட்டுக்கு யாரும் வரலன்னு சொல்லி வெச்சிடுங்க.”

“லைனை மாத்திடலாமே சார்?”

“மாத்தியாச்சு,” என்றார். அடுத்ததாக, குப்பையை எந்த வாளியில் போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் அந்த வீட்டுக்கு வந்ததே அக்காவுக்காக. அம்மா போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு பஞ்சாலைக்கு வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், அது சரிப்படாமல் திரும்பி வந்தபோது அழுவதற்கு ஒரு மடியும் கிடைத்தது. பஞ்சாலையில் ஒரு எந்திரம் அவள் இடது காலைப் பதம் பார்த்தது. அதிலிருந்து காலை இழுத்துத்தான் நடப்பாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் போய்க் குடியேறிவிட்டது. இத்தனை வருடம் கழித்து அது வாடகை கேட்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில், இனிமேல் மருந்தைவிட நல்ல காற்றும் பக்கத்தில் ஒரு ஆளும்தான் முக்கியம் என்றார்கள். நான் ஏரிக் காற்று என்ற விளம்பரத்தை நம்பினேன். அக்காவுக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க ஆசை. இன்னும் கொஞ்ச காலம் அவள் மூச்சு ஓட வேண்டும், அது என் கண் முன்னால் ஓட வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

அக்கா வருவதற்கு முன்பே மலருக்கான வேலையை ஆரம்பித்தேன். வீடு வீடாகப் போய் உட்கார்ந்தேன். வரலாறு என்றால் எல்லோருக்கும் வாய் ஊறியது. நீச்சல்குளம் வெட்டிய கதை, அதில் யாருமே நீந்தாமல் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கும் கதை. நாய் வளர்ப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த போர். மாடியில் டிஷ் ஆன்டெனா வைத்ததற்காக இரண்டு குடும்பங்கள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏரியின் ஒரு பக்கத்தை மண்ணடித்து மூடித்தான் எங்கள் பிளாக்கையே கட்டினார்கள் என்பதை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏரியைப் பார்த்த வீடு என்று விற்றார்களே தவிர, ஏரிக்குள் வீடு என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் எல்லோர் கதையும் ஒரே இடத்தில் நொண்டியடித்தது.

“அப்புறம் ஒரு வெள்ளம் வந்துச்சு. கார் எல்லாம் முழுகிடுச்சு. இன்ஷூரன்ஸ்காரன் இழுத்தடிச்சான்.” அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்தில் புது லிஃப்ட் வந்துவிடும். சுவரில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், “சுவர்தான் இருந்தது,” என்பார்கள்.

தரைத்தளத்தில் இருந்த டாக்டரம்மா மட்டும் வேறு மாதிரி. குழந்தைகள் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கேள்வியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது மலருக்காகக் கேக்கறியா, உனக்காகக் கேக்கறியா?”

“மலருக்குத்தான் டாக்டர்.”

“அப்போ சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று நானே போய் அழைத்து வரத்தான் கிளம்பினேன். ஆக்சிஜன் மெஷின் கொண்டுவருகிற ஆளுக்கு வீட்டைத் திறந்துவிட யாராவது வேண்டும், நீ இரு என்று அக்காவே தடுத்துவிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரியின் மகன் காரில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. மெஷின் வந்தது. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, புதுப் போர்வை விரித்து, காத்திருந்தேன். மதியம் பிடித்த மழை விடவில்லை. சாயங்காலம் ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

சமையலறை வாசலில் இருந்த இன்டர்காம் அடித்தது.

“அம்மா, பின் கேட்லேர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க. நல்லா நனைஞ்சு போயிருக்காங்க. அனுப்பவா?”

வயதான குரல், பணிவான குரல். அதன் பின்னால் மழை. மழைக்கும் பின்னால் இன்னொரு தண்ணீர்ச் சத்தம், பெரிதாக, ஓடுகிற தண்ணீர். நடுவில் யாரோ ஒரு பெண் இருமினாள். அந்த இருமல்தான் என்னை ஏமாற்றியது. செகரட்டரி சொன்னதெல்லாம் மறந்தே போயிற்று.

“அனுப்புங்க, அனுப்புங்க! உடம்பு முடியாதவங்களை மழையில நிக்க வெச்சுக்கிட்டு என்ன கேள்வி?”

அந்தப் பக்கம் பூட்டில் சாவி திரும்பியது.

“சரிங்கம்மா,” என்றது குரல். அழுகிற மாதிரி இருந்தது. “ரொம்ப நாளா யாரும் இந்த வார்த்தையைச் சொல்லல.”

நான் துண்டை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்கு ஓடினேன். லிஃப்ட் மேலே வந்தது. கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

தரை முழுக்கத் தண்ணீர். சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது. ஏதோ கோளாறு என்று நினைத்துப் படியில் இறங்கி ஓடினேன். அப்போதுதான் முன்பக்கம் ஒரு கார் வந்து நின்றது. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு சொட்டு நனையவில்லை.

“என்னடி இப்படி மூச்சு வாங்குது உனக்கு? யாருக்கு உடம்பு சரியில்ல, எனக்கா உனக்கா?” என்று சிரித்தாள். “கேட்ல ஒண்ணுமே கேக்கல. உங்க வீட்லேர்ந்து ஏற்கெனவே அனுப்பச் சொல்லிட்டாங்க, போங்கன்னு விட்டுட்டான்.”

அவளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தேன். நான் திறந்து போட்டுவிட்டு ஓடியிருந்த கதவின் வழியாக, கூடத்தில் ஈரக் காலடிகள் போயிருந்தன. ஒன்று பெரியது. ஒன்று ரொம்பச் சின்னது. அக்கா என் தோளுக்கு மேலே சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

“யாருடி அந்தக் குழந்தை?” என்றாள்.

அங்கே யாரும் இல்லை.

அன்றிலிருந்து வீடு காயவே இல்லை. மழை விட்டு வெயில் அடித்த நாளிலும் சுவர் வியர்த்தது. அலமாரியில் மடித்து வைத்த துண்டுகளைத் தொட்டால் பிழியலாம். காலையில் எழுந்து பார்த்தால் பாத்திரங்கள் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திருப்பினால் உள்ளே ஏரிச் சேறு. ஆக்சிஜன் மெஷினில், காற்றை ஈரப்படுத்த ஒரு சின்ன பாட்டில் இருக்கும். சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்றுவேன். விடிந்து பார்த்தால் அதில் பாசி படர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரின் வழியாகத்தான் அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை கழுவினாலும் அதே கதைதான்.

அக்கா பயப்படவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்தால் அவள் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய துண்டு சொட்டச் சொட்டக் கிடக்கும்.

“அந்தப் பொண்ணுக்குத் தலை காயவே மாட்டேங்குதுடி. எவ்வளவு துவட்டினாலும் ஊத்துது.”

“எந்தப் பொண்ணு, அக்கா?”

“அவ அம்மா உக்காரவே மாட்டேங்கறா. வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு நின்னுக்கிட்டே இருக்கா. யார் வீட்லயோ நல்லா மிரட்டி வெச்சிருக்காங்க போல.” அக்கா இருமினாள். இருமல் மாறியிருந்தது. வறட்டு இருமல் போய், உள்ளே ஏதோ தளும்புகிற இருமல்.

பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“நீ அனுப்புன்னு சொல்லிட்டியா?”

தலையாட்டினேன்.

“செகரட்டரி உனக்குச் சொல்லலையா?”

“தப்புக் கால்னு சொன்னார்.”

“தப்புதான்,” என்றார் டாக்டரம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே அந்த வேறு நிறப் பூச்சையே பார்த்தார். “அங்க பின் கேட் இருந்தது. அதுக்கு வெளியில, கரை மேல வரிசையா குடிசை. இந்தக் கட்டடத்தைக் கட்ட வந்தவங்க. கட்டி முடிச்சதும் பொம்பளைங்க நம்ம வீடுகள்லயே வேலைக்குச் சேர்ந்தாங்க. அதுல ஒருத்தி, இப்ப உன் வீட்டுக்கு வந்திருக்கிறவ, இந்த பிளாக்ல பாதி வீட்ல பாத்திரம் தேய்ச்சா. வெள்ளத்தன்னிக்கு எங்கயோ மதகைத் திறந்துட்டாங்க. குழந்தையைத் தூக்கிட்டு பின் கேட்டுக்கு ஓடி வந்தா. அப்பத்தான் புதுசா ஒரு ரூல் போட்டிருந்தோம். ஏதாவது ஒரு வீட்லேர்ந்து சொன்னாத்தான் வெளியாளை உள்ள விடணும். செக்யூரிட்டி ஒவ்வொரு வீடா கூப்பிட்டான். உங்க வீட்ல வேலை செய்ற அம்மா வந்திருக்காங்க, அனுப்பவான்னு.”

“யாரும் எடுக்கலையா?”

“எல்லாரும் எடுத்தோம்.” டாக்டரம்மாவின் குரல் வறண்டிருந்தது. “எல்லாரும் ஒண்ணுதான் சொன்னோம். எங்க வீட்டுக்கு யாரும் வரல, அடுத்த வீட்ல கேட்டுப் பாருப்பான்னு. ஒருத்தியை விட்டா பின்னாலயே மொத்தக் கரையும் வந்துடும்னு செகரட்டரி சொல்லியிருந்தார். எனக்கும் கால் வந்தது. அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டதே நான்தான். நானும் அதையேதான் சொன்னேன். அடுத்த வீட்ல யாராவது சரின்னு சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். எல்லாருமே அப்படித்தான் நினைச்சிருக்கோம்.”

“அந்தச் செக்யூரிட்டியாவது திறந்திருக்கலாமே?”

“கடைசி வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். தண்ணி வடிஞ்சப்புறம் அவளையும் குழந்தையையும் கேட்டுக்கு வெளியில பிணமா எடுத்தாங்க, அவனைக் காவல் கூண்டுக்குள்ள. சாவி அவன் இடுப்புலயே இருந்தது.”

கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். புல்தரையில் வெயில் பளீரென்று இருந்தது. கேட்டை அடைத்துச் சுவர் எழுப்பினோம், கூண்டை இடித்தோம், லைனைப் பிடுங்கினோம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். அப்படியும் மழை நாள் சாயங்காலங்களில் கால் வருகிறது. அப்போது சொன்ன அதே பதிலைத் திரும்பச் சொன்னால் ஒன்றும் ஆவதில்லை. அதனால் எல்லோரும் சொல்கிறார்கள். வருடா வருடம், வீடு வீடாக, அவளை மறுபடி மறுபடி வாசலிலேயே நிறுத்துகிறார்கள். என்ன ஜனங்கள் இவர்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பை இப்போது திரும்பிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

டாக்டரம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது, அதற்குக் கீழ்வீட்டிலும் பூத்தது. ஒருநாள் காலை செகரட்டரி என் வாசலில் வந்து நின்றார். பின்னால் வராந்தா நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கைக்குட்டை மூக்கில். எனக்கு வரலாறு சொன்ன அதே முகங்கள்.

“நீங்க செஞ்சது உங்களுக்கு மட்டும் இல்ல மேடம், எல்லாருக்கும் பிரச்சினை. இன்டர்காமை எடுத்து, இவங்க எங்க ஆளுங்க இல்ல, வெளியே அனுப்பிடுங்கன்னு சொல்லுங்க. முடிஞ்சது.”

என் அக்காவின் மூச்சுச் சத்தம் வாசல் வரை கேட்டது. தளும்புகிற சத்தம். ஒளிப்பானேன், எனக்கும் அவர்கள் போனால் போதும் என்று ஆகிவிட்டது. அந்தக் குழந்தையின் ஈரத்தலையை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஈரம் என் அக்காவின் நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ரிசீவரை எடுத்தேன். எந்த எண்ணையும் அழுத்தவில்லை.

“சொல்லுங்கம்மா,” என்றது குரல். பின்னால் தண்ணீர் ஓடியது.

“அன்னிக்கு அனுப்பச் சொன்னேன் இல்ல. அவங்க எங்க ஆளுங்க இல்லப்பா. திரும்பக் கூப்பிட்டுக்கோங்க.”

“சரிங்கம்மா. மூணு பேரையும்தானே?”

“மூணு பேரா? ரெண்டு பேரு. அம்மாவும் குழந்தையும்.”

“உங்க அக்காவும் அதே அனுமதியிலதாம்மா உள்ள வந்தாங்க. முன் கேட்ல தனியா யாரும் கேக்கல. ஒரு அனுமதியை ரத்துப் பண்ணினா, அதுல வந்த எல்லாரும் வெளியே போகணும். ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்ண முடியும்?”

நான் ரிசீவரை வைத்துவிட்டேன். விஷயத்தை அப்படியே செகரட்டரியிடம் சொன்னேன். வராந்தாவில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“முடியாது சார். என்ன ஆனாலும் சொல்ல மாட்டேன்.”

“யோசிச்சு முடிவு பண்ணுங்க மேடம்,” என்றார் அவர், நிதானமாக. “நீங்க பண்ணலேன்னா அசோசியேஷன் பண்ண வேண்டியிருக்கும்.”

வேறு வீடு பார்க்க அன்றே ஆளைப் பிடித்தேன். அக்காவை எங்காவது, எந்தப் பொந்துக்காவது கொண்டுபோய்விடலாம் என்றிருந்தேன். மறுநாள் நல்ல வெயில். மருந்து தீர்ந்துபோயிருந்ததால் தெருமுனைக் கடைக்குப் போனேன். கிளம்பும்போது அக்கா தலையணையில் சாய்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெறும் கையோட வராதே, திங்க ஏதாவது வாங்கிட்டு வா. குழந்தை இருக்கு வீட்ல,” என்றாள்.

நான் பிஸ்கட் பாக்கெட்டோடு திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மட்டும் கட்டிலில் கிடந்து, காற்றை யாருக்கும் இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தது.

தரையில் ஈரக் காலடிகள். ஒரு பெரியது. ஒரு சின்னது. கூடவே மூன்றாவதாக ஒன்று, இடது காலை இழுத்து நடந்த தடம்.

படி வழியாகப் போயிருந்தது. வெயில் காய்ந்த புல்தரையைத் தாண்டிப் போயிருந்தது. வேறு நிறப் பூச்சுக்கு முன்னால், சுவரில் சாய்ந்து, அக்கா உட்கார்ந்திருந்தாள். புடவை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கைகளில் கம்பியை இறுகப் பிடித்த மாதிரி சிவந்த கோடுகள். அந்தச் சுவரில் கம்பியே கிடையாது. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு கத்தினேன். பால்கனிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட இறங்கி வரவில்லை, டாக்டரம்மாவைத் தவிர. அவராலும் கையைப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பழைய நோய், எதிர்பார்த்ததுதான் என்றார்கள். செகரட்டரி துக்கம் விசாரிக்க வந்தார். அன்றும் சட்டை கலையவில்லை.

“நான் இன்டர்காம்ல அவங்க ரெண்டு பேரை மட்டும்தான் வெளியே அனுப்பச் சொன்னேன் மேடம், சத்தியமா. எல்லாருடைய நல்லதுக்கும்தான்.”

“மூணு பேரும் ஒரே அனுமதின்னு உங்ககிட்ட நான் சொன்னேனே சார்.”

அவர் இடுப்பில் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டார். மலருக்கான கட்டுரையை முடித்துவிட்டேனா என்று கேட்டார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் துரத்தினேன். மலர் எப்படியும் வந்தது. நீச்சல்குளம் இருந்தது, லிஃப்ட் இருந்தது. வெள்ளம்கூட இருந்தது, ஒரு வரியில்.

நான் வீட்டைக் காலி செய்யவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. வீடு அதற்குள் காய்ந்துவிட்டது, சுவரில் கறைகூட இல்லை. அடுத்த மழை வந்த சாயங்காலம் இன்டர்காம் அடித்தது.

“அம்மா, பின் கேட்லேர்ந்து பேசறேன். உங்க அக்கா வந்திருக்காங்க. கூட ஒரு அம்மாவும் குழந்தையும். நல்லா நனைஞ்சு போயிருக்காங்க.”

பின்னால் அக்கா இருமினாள். இந்தத் தடவை அது அவளேதான்.

“அனுப்புங்க! உடனே அனுப்புங்க!”

“உங்க வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு ஆயிடுச்சேம்மா. செகரட்டரி சார் சொல்லியிருக்கார். தகவலுக்காகத்தான் கூப்பிட்டேன்.” குரல் தயங்கியது. “வேற ஏதாவது ஒரு வீட்ல சொல்லச் சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை போதும்.”

அன்று அத்தனை கதவையும் தட்டினேன். என் அக்கா மழையில் நிற்கிறாள், உங்களுக்குக் கால் வரும், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கதவைச் சங்கிலி போட்டுத் திறந்து, இரக்கத்தோடு பார்த்து, சாத்திக்கொண்டார்கள். டாக்டரம்மா கதவையே திறக்கவில்லை. உள்ளே அவர் அழுவது கேட்டது. ஒவ்வொரு வீடாக மணி அடிப்பதும், ஒவ்வொரு வீடாக அந்த பதில் வருவதும் வராந்தாவில் நின்ற என் காதில் விழுந்தது. ஒரு குரல்கூடத் தடுமாறவில்லை. இத்தனை வருடப் பழக்கம். அந்த மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று, அதற்கடுத்த மழைக்காலமும்.

போன வாரம் என் பக்கத்து வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். கைக்குழந்தை ஒன்று. அந்தப் பெண் வந்த அன்றே என்னிடம் ஒட்டிக்கொண்டாள், துணைக்கு அம்மா வரப்போவதையும் சொன்னாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

“அக்கா, செகரட்டரி ஏதோ தப்புக் கால் வரும்னாரே, என்ன அது?”

சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

“பழைய லைன்மா,” என்றேன். “உங்கம்மா எப்ப வர்றாங்க?”

“நாளைக்குச் சாயங்காலம். நாங்க ரெண்டு பேரும் தனியா சமாளிக்க முடியல.”

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

நான் விளக்கைப் போடாமல் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஓடி வருகிற காலடி. குழந்தையின் சிணுங்கல்.

“ஆமா, ஆமா. அனுப்புங்க!”

லிஃப்ட் மேலே வந்தது.

கதவைத் திறந்து பார்த்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தது. பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இடது காலை இழுப்பது ஒன்று. என் வாசலுக்கு நேரே மூன்றாவது நின்றது. அந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் தேங்கியது. நான் கையை நீட்டினேன். விரல்நுனி ஈரமாயிற்று. பிறகு அது நகர்ந்து, மற்ற இரண்டுக்கும் பின்னால், பக்கத்து வீட்டுக் கதவுக்கு அடியில் புகுந்துவிட்டது.

இன்று காலை அந்தப் பெண் வந்து என் கதவைத் தட்டினாள். தூங்காத முகம். தோளில் குழந்தை.

“அக்கா, எங்க வீட்ல சுவரெல்லாம் ஒரே ஈரம். துண்டு எல்லாம் ஊறிப் போயிருக்கு. இவன் வேற மூலையைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கான். உங்க வீட்லயும் அப்படி ஏதாவது இருக்கா?”

“எங்க வீட்ல ஒண்ணும் இல்லையேம்மா,” என்றேன். “அடுத்த வீட்ல கேட்டுப் பாரு.”

கதவைச் சாத்திவிட்டு வந்து சுவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் யாரோ துண்டால் தலை துவட்டுகிற சத்தம். அக்கா இருமினாள். எனக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தது. காதை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்குப் பதில் சொல்வது மாதிரி, சின்னதாக இன்னொரு இருமல் கேட்டது. உள்ளே தண்ணீர் தளும்புகிற, ஒரு கைக்குழந்தையின் இருமல்.